சீதனமாக வந்த தீவு

மணமகளுக்கு நிலமும் நகையும் சீதனமாகத் தருதல் நம்மவர் அறிந்த வழக்கம். ஒரு தீவையே தந்தவர் போர்த்துக்கீசியர். 1534இல் குஜராத்து சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து தாம் பெற்ற பம்பாயை, 1661இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் தம் இளவரசி காதரினுக்கும் நிகழ்ந்த மண உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்தனர். மாகிம் அதில் சேருமா சேராதா என்று சச்சரவு எழுந்தபோது, ஆங்கிலேயர் காகிதத்துக்குக் காத்திராமல் அதையும் பிடித்துக் கொண்டனர். தீவில் மீன்பிடித்து வாழ்ந்த கோலி மக்களைக் கேட்டார் எவருமிலர்.

மன்னருக்குத் தீவினால் வரவைவிடச் செலவே மிகுதி. ஆகவே 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். மாதுங்காவில் ஓர் அறைக்கு முன்பணம் கட்டிய அன்பர்கள் இத்தொகையைப் படித்துப் பெருமூச்சு விடலாம்!

கம்பெனி வணிகக் கணக்கோடு பீரங்கியையும் கொண்டுவந்தது. 1687இல் தன் தலைமையிடத்தைச் சூரத்திலிருந்து இங்கு மாற்றியது. 1736இல் சூரத்துப் பார்சி வல்லுநர் லவ்ஜி நசர்வாஞ்சி வாடியா இங்கு வந்து கப்பல் கட்டும் தொழிலை மேற்கொண்டார். அக்குடும்பத்தார் தேக்கினால் கட்டிய போர்க்கப்பல்களுள் ஒன்று 1817இல் நீரில் இறங்கிய 'திரிங்கோமலி'. நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் மிதக்கிறது. மற்றொன்று 1813இல் கட்டப்பெற்ற 'கார்ன்வாலிஸ்'. பம்பாய்த் துறையிலிருந்து சீனத்துக்கு அபினி சென்றது, சீன அரசு தடுத்தது, போர் மூண்டது. 1842இல் ஹாங்காங் தீவை ஆங்கிலேயருக்கு அளித்த நான்கிங் உடன்படிக்கை கையொப்பமானது இந்தக் கார்ன்வாலிசின் தளத்தில்தான். சரக்கு, அதற்கான போர், போருக்கான கப்பல் ஆகிய மூன்றும் ஒரே துறைமுகத்தோடு தொடர்புற்றமை வியப்பன்றோ! பருத்தியிலும் அபினியிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் பொருளுதவியால் 1845இல் திறக்கப்பெற்றதே பாந்திராவுக்கு நாம் செல்லும் மாகிம் பாலச்சாலை.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை ஏறிற்று. 1865இல் போர் முடிய, ஊரே கடனில் மூழ்கிற்று. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பலில் பருத்திப் பொதிகளும் தங்கக் கட்டிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும் ஒருங்கே இருந்தன. அக்கப்பல் தீப்பற்றி வெடித்தபோது மாண்டோர் பல நூற்றுவர். பழைய பம்பாய்க் கோட்டை இன்று நம் கடற்படையின் 'ஆங்ரே' நிலையமாக விளங்குகிறது. ஆங்கிலேயரைக் கலங்கடித்த மராட்டியக் கடற்தலைவர் கானோஜி ஆங்ரேயின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான்.

தாராவிக்கு வருவோம். அங்குள்ள காலா கில்லா என்னும் கருங்கோட்டை, 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் எழுந்ததாகக் கல்வெட்டுக் கூறும். அவ்வாண்டில்தான் மராட்டியர் சாஷ்டித் தீவினுள் புகுந்தனர். கோட்டைக்கு அப்பால் கழிமுகம். தீவின் எல்லை அது. நகரம் செழித்தபின் நாற்றமுடைய தொழில்களை எல்லைக்கு ஒதுக்கும் வழக்கப்படி, தோல் பதனிடும் சாலைகள் இங்கு அமைந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் பலர் அங்கு உழைத்தனர். குடியேறியோரே குப்பையும் மண்ணும் கொட்டிச் சேற்றை மேடாக்கினர்; அவ்வுழைப்புக்குக் கூலி தந்தாரும் இலர், பதிவேட்டில் குறித்தாரும் இலர்.

எல்லையாயிருந்த அவ்விடம் இன்று நகரின் நடுவாகிவிட்டது. அருகே பாந்திரா–குர்லா வளாகத்தில் வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் நிற்கின்றன. 2022இல் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. அங்கேயே விலையின்றி வீடு பெற விழைவோர், 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். தகரப் பெட்டிகளைத் திறந்து, பாட்டனார் காலத்துக் குடும்ப அட்டையைத் தேடும் வீடுகள் கோட்டையைச் சுற்றிலும் இருக்கின்றன.