பாவனை: ஒரு சொல் வந்த வழி

கண்ணாடியின் முன் சிறிது நேரம் கூடுதலாக நின்றுவிட்ட பெண்ணை, "போதும் உன் பாவனை" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. வலிந்து நிற்கும் நிலை, இயல்புக்கு மாறான நடை, பிறர் பார்க்கவேண்டும் என்றே சாய்த்த கழுத்து ஆகிய யாவும் இன்றைய பேச்சில் இச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏளனம் கலவாமல் இதனை ஒலிப்பார் அரியர்.

சொல் பிறந்த இடம் வேறு. 'ஆகுதல்' என்னும் பொருள்தரும் வடமொழி வேரினின்று தோன்றி, 'ஆகச் செய்தல்' என்னும் கருத்தில் வழங்கிய இது, பௌத்தரிடையே தியானப் பயிற்சியைக் குறித்தது. சைவ சித்தாந்திகளோ கருட பாவனையை உவமையாக எடுத்தாண்டனர். பாம்பு தீண்டியவனின் விடத்தைத் தீர்க்க வந்த மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்து நோக்க, நஞ்சு இறங்கும். அவ்வாறே 'சிவோகம்' எனும் பாவனையால் உயிரைப் பற்றிய மலம் நீங்கும் என்பது அவர்தம் கொள்கை. பாவிப்பவன் பொய்யன் என்னும் எண்ணம் அங்கே நுழையவே இல்லை.

ஈழத்தில் இச்சொல் இன்னொரு வழியே சென்றது. நீர்ப் பாவனை, மின் பாவனை, பாவனையாளர் எனப் 'பயன்பாடு' என்னும் பொருளில் அங்கு அது அன்றாட வழக்காயிற்று. யாழ்ப்பாணத்தார் கடிதத்தில் "தண்ணீர்ப் பாவனை கூடிவிட்டது" என்று படிக்கும் சேலத்தார் சற்றே திகைப்பது இயல்பு.

பழம்பொருளின் சாயலைக் கண்ணால் காண வேண்டுமாயின், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டிக்குச் செல்லலாம். வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் செதுக்கும் சிற்பிகளால் பெயர்பெற்ற ஊர் அது. ஒரு முழந்தாளை மடித்து, இறைவன் திருவடியைத் தாங்க இரு கைகளையும் முன்னே நீட்டிய கருடனின் நிலை, சிற்ப மரபு வகுத்தது. தலை, இடை, கால் என மூவிடத்தும் உடலை வளைக்கும் திரிபங்கமும் அத்தகையதே. நாள்தோறும் அப்படி நிற்பவர் உலகில் எவருமிலர். ஆயினும் தேவியின் திருவுருவில் அவ்வளைவைக் கண்டு கைகூப்புவோர், வீட்டுப் பெண் சற்றே ஒசிந்து நின்றால் முகம் சுளிக்கின்றனர்.

அச்சுளிப்புக்கென்றே சொற்களும் பெருகியுள்ளன. மினுக்கி, மேனாமினுக்கி, தளுக்குக்காரி என வசைகள் பெண்ணையே நாடுகின்றன. பிலுக்கன் என ஆண்பாற் சொல் ஒன்று உண்டு. பேச்சில் அது அருகிவிட்டது. மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கிப் புகைப்படத்துக்கு நிற்கும் ஆடவனின் நிலைக்குத் 'தோரணை' என்று பெயர். 'மிடுக்கு' என்றும் சொல்வர்.