யான்ஷுய் வெடித் திருவிழா: எந்த 1885?

தைவானின் பழைய தலைநகரான தைநானுக்கு வடக்கே யான்ஷுய் என்றொரு ஊர். சீன ஆண்டின் முதல் பௌர்ணமியான விளக்குத் திருநாளன்று மற்ற ஊர்கள் விளக்குத் தோரணம் கட்டிக் கொண்டாடும். இங்கே விளக்கோடு வெடியும் உண்டு. ஆளுயர மரச்சட்டங்களில் ஆயிரக்கணக்கான ராக்கெட் வாணங்களைத் தேன்கூடு போல அடுக்கிக் கொளுத்துகிறார்கள். அவை வானத்தை நோக்கி அல்ல, கூட்டத்தை நோக்கிப் பாய்கின்றன. ஹெல்மெட், கழுத்தில் சுற்றிய துண்டு, தடித்த பருத்தி உடை இல்லாமல் யாரும் முன்னே போவதில்லை. உடைக்குள் வாணம் தங்கிவிடாதிருக்க எல்லோரும் குதித்துக்கொண்டே நிற்கிறார்கள். அந்த இரைச்சலில் கேள்வி கேட்க முடியாது. கேள்விக்கு ஆவணங்களிடம்தான் போக வேண்டும்.

கேள்வி எளியது: இந்த விழாவின் பிறப்பாகச் சொல்லப்படும் 1885 சரிதானா? 1885-இல் காலரா ஊரை வாட்டியது, மக்கள் போர்த்தெய்வம் குவான் யூவைப் பல்லக்கில் ஏற்றி விடிய விடிய வெடி போட்டார்கள், நோய் ஓடியது என்பது தலவரலாறு. நோய் இருபது ஆண்டு நீடித்ததாகவும் அதே கதை சொல்கிறது. எனக்கு இடித்தது இதுதான். காலரா அலையாக வரும், கொல்லும், அடங்கும். ஒரே ஊரில் இருபது ஆண்டு இடைவிடாது நீடிப்பது அரிது.

இந்த வட்டாரத்தின் கெசட்டியர் 1717-இல் முடிந்தது. காலரா வங்காளத்திலிருந்து உலகெங்கும் கிளம்பியதே 1817-இல்தான். ஆகவே அதில் தேடிப் பயனில்லை. ஜப்பானிய ஆட்சி 1895-இல் வந்தது, அதன் பெரிய நாளிதழ் 1898-இல். அதுவும் காலம் கடந்த சாட்சி. 1885-இல் இந்தக் கடலில் நாள்வாரியாகக் குறிப்பெழுதியவர்கள் வேறு சிலர்: எதிரிகளான பிரெஞ்சுக் கடற்படையினர்.

சீன-பிரெஞ்சுப் போரில் 1884 அக்டோபர் முதல் அவர்கள் தைவானை முற்றுகையிட்டிருந்தார்கள். நவம்பரில் வடக்கே கீலுங்கில் இருந்த அவர்களுடைய படையைக் காலரா தாக்கியது. 1885 மார்ச் கடைசியில் தைநான் கரைக்கு எதிரேயுள்ள பெங்ஹு தீவுகளைப் பிடித்தார்கள். அங்கும் நோய் வீரர்களை வாரிக்கொண்டு போனது; தளபதி கூர்பே ஜூன் 11 அன்று அங்குள்ள மாகுங் துறைமுகத்தில் தன் கப்பலிலேயே இறந்தார். யான்ஷுயோ ஒரு காலத்தில் தைவானின் நான்காவது பெரிய துறைமுகமாகப் பேசப்பட்ட ஊர். சரக்கு வரும் படகில் நோயும் வரும். துப்பு துலங்கிவிட்டது என்றே தோன்றும்.

நாட்காட்டிதான் குறுக்கே நிற்கிறது. 1885-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 15. விளக்குத் திருநாள் மார்ச் 1. பெங்ஹுவில் பிரெஞ்சுப் படை இறங்கியது மார்ச் 29. அந்தத் தீவின் நோயை அந்த ஆண்டு வெடி விரட்டியிருக்க முடியாது. கதை உண்மையானால் அது கீலுங் அலையோடு சேர்ந்ததாக இருக்கலாம், அல்லது 1886 பிப்ரவரி 18 அன்று வந்த அடுத்த திருநாளைச் சேர்ந்ததாக இருக்கலாம். இரண்டாவதன் பக்கமே நான் சாய்கிறேன்; விழா 1886-இல் நடந்திருந்தாலும், போர் நடந்த ஆண்டுதான் ஊர் நினைவில் ஆழப் பதிந்து கதையோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: தென்தைவானில் பிப்ரவரியும் மார்ச்சும் மழை குறைந்த மாதங்கள். தண்ணீரால் பரவும் நோய் அப்போது தணிவது இயல்பு. வெடிக்குக் கிடைத்த பெயரில் பாதி பருவத்துக்குச் சேர வேண்டும்.

வழிகாட்டி நூல்கள் பல 1885-ஐ நிரூபணமான ஆண்டாகவே அச்சிடுகின்றன. எழுதுபவர்கள் ‘கோயில் மரபுப்படி’ என்று முன்னால் சேர்த்தால் போதும். கதைக்கும் குறைவில்லை, வரலாற்றுக்கும் குறைவில்லை.