இரட்டைப் பணி வரம்பு

இரட்டைப் பணி வரம்பு என்பது, ஒருவர் இரு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முற்படும்போது அவற்றுள் ஒன்றேனும் தாமதப்படுவதையோ பிழைபடுவதையோ குறிக்கும் உளவியல் கருத்தாகும். கண், காது, கை, நாக்கு ஆகியவை தனித்தனி உறுப்புகளாதலின் அவற்றுக்கு ஒரே சமயத்தில் வெவ்வேறு வேலை தரலாம் என்று தோன்றினும், நெருக்கடி பல வேளைகளில் உறுப்புகளில் அன்றி, எதைச் செய்வது என்று மூளை தீர்மானிக்கும் கட்டத்திலேயே ஏற்படுகிறது.

இதனை அளக்கும் சோதனைமுறையில், பங்கேற்பவர் ஓர் ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததா எனக் கேட்டு ஒரு கையால் பொத்தானை அழுத்த வேண்டும். அதையடுத்துத் திரையில் தோன்றும் எழுத்துக்கு ஏற்ப மறு கையால் வேறு பொத்தானை அழுத்த வேண்டும். இரு தூண்டல்களுக்கும் இடையிலான நேரம் குறையக் குறைய, முதல் துலங்கல் பெரிதும் மாறாதிருக்க, இரண்டாம் துலங்கல் மேலும் மேலும் பிந்துகிறது. இந்நிகழ்வை 1931இல் ஆராய்ந்த டெல்ஃபோர்டு, நரம்பிழை ஒரு துடிப்பைச் செலுத்தியதும் சிறிது நேரம் அடுத்த தூண்டலுக்கு இசையாதிருப்பதை ஒப்புமையாகக் கொண்டு இதற்கு 'இசையாக் காலம்' எனப் பெயரிட்டார். ஒப்புமை பொருந்தாது எனப் பின்னர் தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

வெல்ஃபோர்டு 1952இல் இதற்கு ஒற்றைத் தடக் கோட்பாட்டை விளக்கமாக முன்வைத்தார். அத்தடம் எக்கட்டத்தில் உள்ளது என்பதை ஹெரால்டு பாஷ்லர் 1984 முதல் நடத்திய ஆய்வுகள் நுட்பமாகப் பிரித்துக் காட்டின. இரண்டாம் தூண்டலை மங்கலாக்கி அதனைக் கண்டறிவதைக் கடினமாக்கினால், அதனால் விளையும் தாமதம் முதல் வேலை முடியும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே கரைந்துவிடுகிறது. மாறாக, எந்தத் துலங்கல் உரியது எனத் தெரிவுசெய்வதைக் கடினமாக்கினால், அத்தாமதம் குறையாமல் முழுமையாகக் கூடுகிறது. காண்பது இணையாக நடக்க, தெரிவு மட்டும் முறைவைத்து நடக்கிறது என்பதே இதன் பொருள். டேனியல் கானமான் 1973இல் எழுதிய நூலோ, இதனை ஒற்றை வாயிலாகக் கருதாமல், வேலைகளுக்கிடையே பங்கிடப்படும் வரம்புடைய கவன ஆற்றலாகக் கொண்டது.

பயிற்சி இவ்வரம்பைத் தளர்த்தும். கதை படித்தவாறே காதில் விழும் சொற்களை எழுத இரு மாணவர்களை ஸ்பெல்கி, ஹர்ஸ்ட், நைசர் ஆகியோர் பல வாரம் பழக்கியபோது, படிக்கும் வேகம் பழைய நிலைக்கு மீண்டதை 1976இல் அறிவித்தனர். எனினும் இது உண்மையான இணைச்செயலா, விரைந்த மாற்றமா என்னும் வாதம் தீரவில்லை. தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நிகழ்த்திய, நூறு செய்திகளை ஒருசேரக் கவனிக்கும் சதாவதானத்தையும் இவ்வகைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. அவதானத்தில் வினாக்களும் குறுக்கீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், அது நினைவாற்றலின் வியத்தகு வெற்றியே அன்றி வரம்பை மறுப்பதாகாது.

நடைமுறையில் இதன் விளைவு வாகனம் ஓட்டுவதில் வெளிப்படுகிறது. ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001இல் வெளியிட்ட பாவனை ஓட்டச் சோதனையில், தொலைபேசி உரையாடல் போக்குவரத்துக் குறிப்புகளைத் தவறவிடச் செய்ததுடன், கருவியைக் கையில் பிடித்துப் பேசியோருக்கும் கையில் பிடிக்காமல் பேசியோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, கையில் பிடிக்கும் கருவியையே பெயர் சுட்டிக் குற்றமாக்குகிறது.