செலாயாங் சுடுநீர் ஊற்று: கதையும் உண்மையும்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சாலை வழியே ரவாங் நோக்கிப் போகிறவர்களுக்குச் செலாயாங் பழகிய ஊர். ஒரு பக்கம் பத்துமலையின் சுண்ணாம்புக் குன்றுகள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம். அடுக்குமாடி வீடுகளும் கடைவீடுகளும் நெருங்கிவிட்ட இந்த ஊரில், நிலத்தடியிலிருந்து சுடுநீர் ஊறி வரும் இடம் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதை ‘ஆயர் பானாஸ்’ என்கிறார்கள். நம் வீடுகளில் அது ‘சுடுதண்ணிக் குளம்’.

இந்த நீரைப் பற்றிய பேச்சுகள் பல. சொறி சிரங்கு ஆறும் என்பார் ஒருவர். வாத நோயால் விழுந்த கை கால் எழும்பும் என்பார் இன்னொருவர். கந்தக வாடை இருப்பதால் பூமிக்கடியில் எரிமலை இருக்கிறது என்பாரும் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரிடமும் இத்தகைய நம்பிக்கைகள் உலவுகின்றன.

சுடுநீர் இருக்கும் இடமெல்லாம் கதையும் இருக்கும். லங்காவித் தீவில் மாட் ராயா, மாட் சின்சாங் என்ற இருவர் திருமண விருந்தொன்றில் சண்டையிட்டுப் பானைகளை வீசினார்களாம். பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா. குழம்பு கொட்டிய இடம் குவா. சுடுநீர் சிந்திய இடம் ஆயர் ஹாங்காட். சண்டையிட்ட இருவரும் மலைகளாகிவிட்டார்கள் என்று கதை முடிகிறது. நம் தமிழ் உலகத்தில், இலங்கையின் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் அவற்றைத் தோண்டியதாக அங்குள்ளோர் சொல்வார்கள். செலாயாங்குக்கு அருகிலேயே, செத்தாப்பாக்கில் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயரே ஆயர் பானாஸ். ஊற்றைப் பார்த்திராதவர்கள்கூட அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள்.

உண்மையில் நீர் எப்படிச் சூடாகிறது? தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை கிடையாது. மலைகளில் பெய்யும் மழைநீர் கருங்கல் பாறைகளின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போக, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடும். அப்படிச் சூடேறிய நீர், பாறைப் பிளவு வழி கிடைத்ததும் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. அழுகிய முட்டை போன்ற வாடைக்கு நீரில் கரைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவே காரணம். உலு லங்காட்டின் டூசுன் துவாவிலும் இதுபோன்ற ஊற்று உண்டு.

முஸ்லிம்களாகிய நமக்கு ஊற்று என்றதும் ஜம்ஜம் நினைவுக்கு வரும். தாகத்தால் அழுத குழந்தைக்காக அன்னை ஹாஜரா ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடிய வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஜம்ஜமுக்குரிய சிறப்பை நாம் வேறு எந்த நீருக்கும் ஏற்றிச் சொல்வதில்லை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நீரும் மருந்தும் காரணங்கள் மட்டுமே. நோய்க்கு மருத்துவம் தேடுவதும் நபிகளார் (ஸல்) காட்டிய வழிதான்.

இதை இங்கே வலியுறுத்தக் காரணம் உண்டு. வெந்நீர் தசைப் பிடிப்பையும் மூட்டு வலியையும் தணிக்கும், அது உண்மை. ஆனால் நீரிழிவு நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சூடு தெரியாமல் காலை நனைத்து, தோல் வெந்து, புண் ஆறாமல் போனால் காலையே இழக்க நேரிடலாம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நம் குடும்பங்களில் இந்நோய் இல்லாத வீடு அபூர்வம். பாட்டி, தாத்தாவை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், முதலில் தங்கள் கையை நனைத்துச் சூடு பார்க்க வேண்டும்; காலில் புண் இருந்தால் நனைக்கவே கூடாது. திடீரென ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டால் போக வேண்டிய இடம் குளம் அல்ல, மருத்துவமனை. 1999இல் திறக்கப்பட்ட, நாட்டின் முதல் காகிதமில்லா மருத்துவமனை என்று பெயர் பெற்ற செலாயாங் மருத்துவமனை இதே ஊரில்தான் இருக்கிறது.

அதற்காகக் கதைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுடுநீர் ஏன் சுடுகிறது என்பதை அறிவியல் சொல்லிவிடும். யார் யார் அங்கே வந்தார்கள், எந்த வலியோடு வந்தார்கள், பக்கத்தில் அமர்ந்த வேற்று இனத்தவரோடு என்ன பேசினார்கள் என்பதை முதியவர்களின் நினைவுதான் சொல்ல முடியும். அதை எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும். பொன்விழா கொண்டாடும் இவ்வேளையில், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பெரியவரிடம் செலாயாங்கைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கமாவது எழுதிச் சங்கத்திடம் கொடுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலரைத் தொகுப்பவர்களுக்கு இந்த ஊரின் வரலாறு நம் சொந்த வார்த்தைகளிலேயே கிடைக்கும்.