புள்ளியிலிருந்து அணு எப்படி வரும்?

நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலம். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்துப் பையன் ஒருவன் முதல் பெஞ்சில் இருப்பான். எக்ஸ் கதிரைப் படிகத்தில் செலுத்தினால் பிலிமில் புள்ளிகள் விழும், அதை வைத்து அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பார்கள் என்று அன்று சொல்லி முடித்தேன். அவன் எழுந்து, "புள்ளியில இருந்து அணு எப்படி சார் வரும்?" என்றான்.

"அது பெரிய கணக்குடே, காலேஜில போய் படிச்சுக்கோ" என்று உட்கார வைத்தேன். உண்மை என்னவென்றால் எனக்கும் தெரியாது. ஓய்வுக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். வில், குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ஒருவர் உட்கார்ந்து, குடம் எவ்வளவு பலமாக ஒலித்தது, உடுக்கு எவ்வளவு பலமாக ஒலித்தது என்று மட்டும் குறித்து வைக்கிறார். எது எப்போது விழுந்தது என்று குறிக்கவில்லை. அந்தத் தாளைக் கொண்டு மறுநாள் அதே பாட்டைத் திருப்பி எடுக்க முடியுமா? முடியாது.

பிலிமும் அப்படித்தான். படிகத்திலிருந்து சிதறி வரும் ஒவ்வோர் அலைக்கும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று வீச்சு, அதாவது அலையின் உயரம். இன்னொன்று கட்டம், அதாவது அலையின் முகடு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பது. புள்ளியின் கருமையை அளந்து வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு கிடைத்துவிடும். கட்டம் பிலிமில் பதிவதே இல்லை. இரண்டும் இருந்தால்தான் அலைகளைக் கூட்டி அணுக்களின் படத்தை வரைய முடியும். இதற்குத்தான் 'கட்டச் சிக்கல்' என்று பெயர்.

இந்தச் சிக்கலில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை கொண்ட அமைப்பைச் சொன்னார்கள். நார்ப்பொருளில் புள்ளிகள் குறைவு, மங்கலும்கூட. அதனால் மாதிரி கட்டிப் பார்த்து, அது தரும் புள்ளிகள் பிலிமோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் வழியில் போனார்கள்.

நல்ல படிகங்களுக்கு வேறு வழி வேண்டும். 1956இல் ராமச்சந்திரனும் எஸ். ராமனும் (இவர் சி.வி. ராமன் அல்ல) ஒரு முறையை வெளியிட்டார்கள். பிலிமில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. சாதாரணமாக இரண்டும் சம கருமையாக இருக்கும். படிகத்தில் ஒரு கன அணு இருந்து, அந்த எக்ஸ் கதிரை அது தனி விதமாக உட்கொண்டால், ஜோடிக்குள் சிறு வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்திலிருந்து கட்டத்தைக் கணக்கிடலாம். கணக்கில் இரண்டு விடைகள் வரும். கன அணுவின் கட்டத்துக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொள் என்பது அவர்கள் சொன்ன வழி.

என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது 1961ஆம் ஆண்டு ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை. ஒரு படிகத்தின் வீச்சுகளையும், வேறொரு படிகத்தின் கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். எந்தப் படிகத்தின் படம் வந்தது தெரியுமா? கட்டத்தைக் கொடுத்த படிகத்தின் படம்தான்! பாடுபட்டு அளந்தது ஒன்று, படத்தை முடிவு செய்வது மற்றொன்று. கட்டத்தை ஊகித்தவர் தவறாக ஊகித்தால், அளவெல்லாம் சரியாக இருந்தாலும் படம் பொய்யாகப் போகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

இன்று எக்ஸ் கதிருக்குப் போதாத மிகச்சிறு படிகங்களையும் எலக்ட்ரான் கற்றையால் ஆராய்கிறார்கள். எலக்ட்ரான் பொருளோடு மிக வலுவாக மோதுவதால் துகள் அளவு படிகமே போதும். 2018இல் சளிக் காய்ச்சல் மருந்துப் பொடியிலிருந்த பாராசிட்டமாலின் அமைப்பை இப்படி எடுத்தார்கள். ஆனால் உள்ளே ஒரே எலக்ட்ரான் பல முறை சிதறுவதால் புள்ளிகளின் அளவே சற்றுக் குழம்பும். கட்டமும் பழையபடி தொலைந்துதான் போகிறது. சிறு மூலக்கூறானால் ஹாப்ட்மேன், கார்ல் இருவருக்கும் 1985இல் நோபல் வாங்கித் தந்த கணித முறை உதவும். புரதமானால், ஏற்கெனவே தெரிந்த ஓர் உறவுப் புரதத்தின் கட்டத்தைக் கடன் வாங்குவார்கள். கடன் வாங்கும்போதுதான் 1961 கட்டுரையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எலக்ட்ரானுக்கு ஒரு வசதியும் உண்டு. காந்த லென்ஸால் அதைக் குவித்து நேரடியாகப் படம் பிடிக்கலாம். படத்தில் கட்டம் தங்கியிருக்கும். புத்தளம் உப்பளம் போன்ற இடங்களில் கெட்டியான உப்புநீர் சில சமயம் செந்நிறமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட உப்புநீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதாநிறச் சவ்வை 1975இல் ஹெண்டர்சனும் அன்வினும் ஆராய்ந்தபோது, வீச்சைப் புள்ளிகளிலிருந்தும் கட்டத்தைப் படங்களிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்கள்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. பார்த்தால் முதலில், "அன்னைக்கு எனக்குத் தெரியாதுடே" என்று சொல்ல வேண்டும். பிறகு, "புள்ளியில இருந்து மட்டும் அணு வராது, நீ கேட்டது சரிதான்" என்று சொல்ல வேண்டும்.