இருதயமும் மின்கருவியும்

உடப்பு முதலாய புத்தளக் கரையூர்களிற் கரைவலை இழுப்போர் இரு கயிற்றையும் ஒருங்கே இழுப்பர். ஒருபுறம் பிந்தின் வலை கோணி மீன் தப்பும். இருதயத்தின் இரு கீழறைகளும் இத்தகையனவே. இடக் கீழறைக்கு மின்துடிப்புப் பிந்திச் செல்லின் அதன் உழைப்பு வீணாகி, நாட்பட்ட இருதயத் தளர்ச்சி மிகும்.

1958 ஒக்ரோபர் 8ஆம் நாள், சுவீடன் தேசத்துக் கரோலின்ஸ்கா மருத்துவமனையிலே, பொறியியலாளர் எல்ம்குவிஸ்ற் ஆக்கிய துடிப்புக் கருவியைச் சத்திரவைத்தியர் செனிங், ஆர்ணே லார்சன் என்பாரின் உடலுட் பதித்தார். அது சில மணி நேரமே இயங்கிற்று. எனினும் ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 26 கருவிகளைத் தாங்கிய லார்சன், தம்மைக் காத்த அவ்விருவரும் மறைந்த பின்னர், 2001இல் தமது 86ஆம் வயதிற் காலமானார்.

1980இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்கும் மிரோவ்ஸ்கியின் கருவி முதன்முறையாக மனிதருட் பதிக்கப்பட்டது. 1990களில் இடக் கீழறைக்கும் மின்கம்பி செலுத்தி, ஈரறைகளையும் ஒருங்கே துடிக்கச் செய்யும் முறை தோன்றிற்று. அக்கருவி பொருந்தத்தக்க 813 நோயாளரை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்விலே, மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேர் இறக்க, கருவியும் பெற்றோருள் 20 பேரே இறந்தனர்.

ஆயினும் மின்கலம் தீருங்கால் கருவி மாற்றப்படல் வேண்டும். ஆதலின் கருவியைப் பதித்தலோடு பணி முடிவதன்று. தொடர்ந்து காக்கும் மருத்துவமனை எட்டுந் தூரத்தில் இருத்தலும் இன்றியமையாததென்பதை லார்சனின் 26 கருவிகளும் உணர்த்துகின்றன.