தெருவிலிருந்து எழுந்த திருத்தம்

இலக்கியத்திலிருந்தே இலக்கணம் பிறக்கும் என்று மாணவர்க்குப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அரசமைப்புச் சட்டத்துக்கும் அது பொருந்தும் என்பதற்குப் பழைய சென்னை மாகாணமே சான்று.

அன்று மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி ஆணையின்படி பகிரப்பட்டன. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோர்க்கு இவ்விரண்டு, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1. 1950 சனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இவ்வாணை வழக்குமன்றம் ஏறியது. வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே இடவில்லை. கேட்டறிந்த அளவில் இடம் கிடைக்காது எனத் தெரிந்துகொண்டு நீதிமன்றத்தை நாடினார். 1950 சூலையில் உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது; 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

நீதிபதிகள் தவறிழைத்தனர் என நான் கருதவில்லை. சாதி, சமயம் காரணமாக மட்டும் எவர்க்கும் கல்விக்கூடத்தில் இடம் மறுக்கலாகாது என 29(2) ஆம் உறுப்பு கூறுகிறது. அரசுப் பணிக்கு 16(4) இல் விலக்கு உண்டு. கல்விக்கு அத்தகைய விலக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. குறை ஏட்டில் இருந்தது. அதனைத் திருத்தும் குரல் ஏட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. பெரியாரின் அழைப்பை ஏற்று மாகாணமெங்கும் கூட்டங்களும் ஊர்வலங்களும் கடையடைப்பும் நிகழ்ந்தன. அவற்றில் திரண்டோரிற் பெரும்பாலோர் 29 ஆம் உறுப்பைப் படித்திருக்க மாட்டார்கள். தம் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டதை மட்டும் அறிந்திருந்தனர். வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முதற் பொதுத்தேர்தலும் அப்போது நடந்திருக்கவில்லை.

சென்னை நிகழ்வுகளே இதற்குக் காரணம் என்பதை நேரு நாடாளுமன்றத்தில் மறைக்கவில்லை. 1951 சூன் 18-இல், அரசமைப்புக்குப் பதினேழு மாதம் நிறையுமுன், முதல் திருத்தம் சட்டமாயிற்று, 15(4) பிறந்தது. சமூகநிலையிலும் கல்வியிலும் பிற்பட்டோர் என்னும் அதன் தொடர் புதிதன்று. 340 ஆம் உறுப்பில் முன்னரே இருந்தது.

அதே திருத்தத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. விழாக்களில் அதை எவரும் எடுத்துரைப்பதில்லை. 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் பம்பாய் இதழ் மாகாணத்துள் நுழையச் சென்னை அரசு தடை விதித்திருந்தது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அதற்கு மறுமொழியாகவே பேச்சுரிமையின் எல்லையை இத்திருத்தம் குறுக்கிற்று. அதற்காக ஊர்வலங்கள் திரளவில்லை. இதழாளரும் நாடாளுமன்றத்தில் சிலருமே எதிர்த்தனர். எனினும் அவ்வெதிர்ப்பு வீண்போகவில்லை: தெரிவுக்குழுவில் 'நியாயமான' கட்டுப்பாடு என ஓர் அடைமொழி சேர்க்கப்பட்டது. பேச்சுரிமை மீதான தடை எதனையும் நீதிமன்றங்கள் இன்றும் அந்த ஒரு சொல்லால்தான் அளந்து பார்க்கின்றன.